காஸில்டனுக்குப் போலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழ்ல இங்கிலாந்து டார்பிஷயர்ல இருக்கற காஸில்டன் கிராமத்தைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன். பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்கு நடுவுல ஹோப் பள்ளத்தாக்கோட கடைக்கோடியில ஒரு சின்ன ஊர், தலைக்கு மேல பழைய கோட்டை, காலுக்குக் கீழ குகை, சுத்தி ஆடு மேயற புல்வெளின்னு. அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு நெனைக்கல. பக்கத்து நகரம் ஷெஃபீல்டுல பதினோரு வருஷமா குடியிருக்கேன், ரெண்டு நாள் லீவு கெடைச்சா கால் தானா அந்தப் பக்கம்தான் போகும், அதனால ஆசையாவே பதில் எழுதறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்ணா சேத்துட்டேன்.

கே: ஜூன்ல பையனைப் பாக்க லண்டன் வர்றோம், மொத்தம் பத்து நாள். ஆக்ஸ்ஃபோர்ட், ஸ்டோன்ஹெஞ்ச், எடின்பரோ எல்லாம் பிளான்ல இருக்கு. நடுவுல ஒரே நாள்ல காஸில்டன் போயிட்டு திரும்பிட முடியுமா? (வாசகி, கோயம்புத்தூர்)

ப: முடியுமான்னு கேட்டா முடியும், ஆனா தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. லண்டன் செயின்ட் பாங்க்ரஸ்ல ரயில் ஏறுனா ஷெஃபீல்டுக்கே ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், அங்க இறங்கி மான்செஸ்டர் பக்கம் போற சின்ன ரயில் புடிச்சு அரை மணி நேரத்துல ஹோப் ஸ்டேஷன், அங்கேர்ந்து காஸில்டன் இன்னும் மூணு கிலோமீட்டர். போய்ச் சேந்து ஒரு டீ குடிச்சு நாலு போட்டோ எடுத்தீங்கன்னா திரும்பற நேரம் வந்துடும். அந்த ஊரு அழகே சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலதாங்க, பகல்ல வந்த காரெல்லாம் போயிடும், தெரு காலியாகும், ஜூன்ல ராத்திரி ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும், கோட்டைக்குப் பின்னாடி கேவ் டேல்னு ஒரு இடுக்குப் பள்ளத்தாக்கு, ரெண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை, அதுக்குள்ள நடந்தா உங்க செருப்புச் சத்தமும் ஆடு கத்தற சத்தமும் மட்டும்தான் கேக்கும். லிஸ்ட்ல ஒரு ஊரை அடிச்சுட்டு இங்க ரெண்டு ராத்திரி தங்குங்க, எந்த ஊரை அடிக்கறதுன்னு நான் சொல்ல மாட்டேன், வீட்ல பேசி முடிவு பண்ணுங்க.

கே: எங்களுக்கு அங்க கார் ஓட்டப் பழக்கம் இல்ல. பஸ், ரயிலை நம்பிப் போகலாமா?

ப: தாராளமா. ஷெஃபீல்டுல இருந்து 272ஆம் நம்பர் பஸ் நேரா காஸில்டனுக்கே வரும், மலையேறி இறங்கி வர்ற அந்த ரூட்டே ஒரு சுற்றுலாதான், முடிஞ்சா மாடியில முன் சீட்டு கெடைக்குதான்னு பாருங்க. ஒண்ணு மட்டும் கவனம், கிராமத்து பஸ் நம்ம ஊரு டவுன் பஸ் மாதிரி அடுத்தடுத்து வராது, கடைசி பஸ்ஸும் சீக்கிரமே போயிடும், ஞாயித்துக்கிழமை டைம்டேபிள் வேற. நாங்க வந்த புதுசுல கடைசி பஸ்ஸை விட்டுட்டு ரெண்டு குழந்தைங்களோட இருட்டுல ஹோப் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தோம், ரோட்டோரம் சில இடத்துல விளக்கே இல்ல, சின்னவ அழுதுட்டே வந்தா. அன்னிலேர்ந்து ஊருக்குள்ள கால் வெச்சதும் முதல் வேலை பஸ் ஸ்டாப்புல ஒட்டியிருக்கற டைம்டேபிளை போன்ல போட்டோ எடுத்துக்கறதுதான். மலைக்கு நடுவுல நெட் பல இடத்துல கெடைக்காது, அதனால இது ரொம்ப உதவும்.

கே: அம்மாவுக்கு எழுபது வயசு, முழங்கால் வலி. கோட்டை, குகை எதாவது அவங்களால பாக்க முடியுமா? (வாசகர், திருச்சி)

ப: கோட்டை கஷ்டம். பெவரில் கோட்டைக்கு ஊர்லேர்ந்து செங்குத்தா வளைஞ்சு வளைஞ்சு ஒரு பாதை ஏறும், இளவட்டங்களுக்கே மூச்சு வாங்கும். நார்மன்காரங்க இங்கிலாந்தைப் புடிச்ச கையோட வில்லியம் பெவரில்ங்கறவர் கட்ட ஆரம்பிச்சது, இப்ப உச்சியில நிக்கற சதுரக் கோபுரம் 1176ல ரெண்டாம் ஹென்றி ராஜா கட்டினது. அம்மாவை கீழ ஓடையோரம் ஒரு பெஞ்சுல உக்கார வெச்சுட்டு நீங்க போயிட்டு வாங்க, கீழேர்ந்து பாத்தாலே அந்தக் கோபுரம் கம்பீரமா தெரியும்.

குகை நாலு இருக்கு. ஸ்பீட்வெல் பழைய ஈயச் சுரங்கம், நூறு படிக்கு மேல இறங்கி தண்ணியில படகு ஏறணும், ட்ரீக் க்ளிஃப், ப்ளூ ஜான் ரெண்டுலயும் படி ஜாஸ்தி, அதெல்லாம் அம்மாவுக்கு வேண்டாம். பீக் குகை மட்டும் ஊரை ஒட்டியே இருக்கு, ஓடையோரமா மெதுவா நடந்தா வாய்க்கிட்ட போயிடலாம், அந்த வாயைப் பாத்தாலே போதும், ஒரு கோயில் மண்டபத்தைத் தூக்கி உள்ள வெக்கலாம் அவ்ளோ பெருசு. நானூறு வருஷத்துக்கும் மேல கயிறு திரிக்கறவங்க அந்த வாய்க்குள்ளயே தொழில் பண்ணியிருக்காங்க, வீடு கட்டி அங்கயே குடியும் இருந்திருக்காங்க, அண்ணாந்து பாத்தீங்கன்னா அவங்க அடுப்புப் புகை படிஞ்ச கரி இன்னும் கூரையில இருக்கு. உள்ள தேங்கின வெள்ளம் வடியறப்ப வர்ற சத்தத்தை வெச்சு ஊர்க்காரங்க அதுக்கு வெச்ச பேரு பிசாசோட பின்புறம்ங்கற அர்த்தத்துல வரும், இப்பவும் போர்டுல அந்தப் பேரைத்தான் போட்டிருக்காங்க, குழந்தைங்க கேட்டா சொல்லிடுங்க தப்பில்ல. எந்தக் குகை அன்னிக்குத் தெறந்திருக்குன்னு முன்னாடியே பாத்து டிக்கெட் போட்டுக்கோங்க, மழைத் தண்ணி ஏறுனா மூடிடுவாங்க.

கே: நீங்க போட்டிருந்த போட்டோவுல ஒரு தார் ரோடு பாதியில உடைஞ்சு தொங்குதே, பூகம்பமா அக்கா? (ஏழாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்)

ப: பூகம்பம் இல்லடா கண்ணு, மலை நகருது. அந்த மலை பேரு மாம் டோர், 517 மீட்டர் உயரம், அம்மா மலைன்னு அர்த்தம் சொல்வாங்க, அதோட சரிவு அடிக்கடி சரிஞ்சு கீழ சின்னச் சின்ன மேடா குவியறதால அப்படி ஒரு பேருன்னு விளக்கமும் குடுப்பாங்க. நடுங்கற மலைன்னும் இன்னொரு பேரு உண்டு. உள்ள ஒரு அடுக்கு மணல்பாறை, ஒரு அடுக்கு மெத்துன்னு இருக்கற களிப்பாறைன்னு மாறி மாறி இருக்கு, மழை பெய்ஞ்சா அந்தக் களிப்பாறை ஊறி வழுக்கும், மேல இருக்கறது மெதுவா கீழ வரும். அது மேலதான் ஷெஃபீல்டு மெயின் ரோடு போச்சு, உடைய உடைய தார் போட்டுப் பாத்தாங்க, கடைசியில 1979ல கைவிட்டுட்டாங்க. நீ போனா அந்த உடைஞ்ச ஓரத்துல குனிஞ்சு பாரு, ஒவ்வொரு தடவை ரிப்பேர் பண்ணினப்பவும் போட்ட தார் ஒண்ணு மேல ஒண்ணா கேக் அடுக்கு மாதிரி தெரியும், நடுவுல போட்ட வெள்ளைக்கோடு ஒரு பக்கம் மேலயும் இன்னொரு பக்கம் ஆள் உயரம் கீழயும் இருக்கும். உச்சிக்குப் போக வேற பக்கத்துல கல்லு பதிச்ச நல்ல பாதை இருக்கு, மேல ஏறுனா பழங்காலத்துல மலையைச் சுத்தி வெட்டின அகழியும் மண்மேடும் தெரியும், வெண்கலக் காலத்துலயே அங்க மனுஷங்க இருந்திருக்காங்க. காத்து பலமா அடிக்கும், தொப்பியைப் புடிச்சுக்கோ.

கே: கொரோனா சமயத்துல, நோய் வெளிய பரவக்கூடாதுன்னு தன்னைத்தானே பூட்டிக்கிட்ட ஒரு இங்கிலாந்து கிராமத்தைப் பத்தி வாட்ஸ்அப்ல வந்துச்சு. அது காஸில்டன் பக்கமா? நெஜமா நடந்ததா? (பலர் கேட்டது)

ப: நெஜம்தான். ஊரு பேரு ஈம், காஸில்டன்லேர்ந்து கார்ல இருபது இருபத்தஞ்சு நிமிஷம். 1665ல லண்டன்ல ப்ளேக் கொள்ளைநோய் ஆளுங்களைக் கொன்னுக்கிட்டிருந்தப்ப அங்கேர்ந்து ஈம்ல இருந்த ஒரு டெய்லருக்கு துணி மூட்டை ஒண்ணு வந்திருக்கு, துணி நமுத்துப்போயிருக்குன்னு அவர்கிட்ட வேலை பாத்த ஜார்ஜ் விக்கர்ஸ்ங்கறவர் பிரிச்சு கணப்புகிட்ட காயப்போட்டார், அதுல இருந்த தெள்ளுப்பூச்சியால நோய் வந்துச்சுன்னு சொல்வாங்க. செப்டம்பர் மாசம் அவர் செத்தார், பின்னாடியே பக்கத்து வீடு, எதிர் வீடுன்னு ஆரம்பிச்சு குளிர்காலத்துல கொஞ்சம் அடங்கி 1666 கோடையில திரும்ப மூண்டுச்சு. ஊர்ப் பாதிரியார் வில்லியம் மொம்பெசன் புதுசா வந்தவர், முப்பது வயசு கூட ஆகல, ஊரு இன்னும் அவரை முழுசா ஏத்துக்கல, அதனால முன்னாடி இருந்து பதவி போன தாமஸ் ஸ்டான்லியைக் கூட சேத்துக்கிட்டு ரெண்டு பேருமா நின்னு ஜனங்ககிட்ட கேட்டாங்க, யாரும் ஊரை விட்டு வெளிய போக வேண்டாம், போனா சுத்துப்பட்டு ஊரெல்லாம் அழிஞ்சிடும்னு. ஜனங்களும் ஒத்துக்கிட்டாங்க.

சாட்ஸ்வொர்த் மாளிகையில இருந்த டெவன்ஷயர் பிரபு சாப்பாட்டுக்கு ஏற்பாடு பண்ணினார். சர்ச்சுக்குள்ள கூடாம கக்லெட் டெல்ஃப்ங்கற புல்வெளிப் பள்ளத்துல தள்ளித் தள்ளி நின்னு பிரார்த்தனை பண்ணினாங்க. செத்தவங்களை அந்தந்த வீட்டுக்காரங்களே தோட்டத்துலயோ வயல்லயோ புதைச்சுக்கணும்.

ஈமுக்கும் ஸ்டோனி மிடில்டன்ங்கற பக்கத்து ஊருக்கும் நடுவுல ஒரு எல்லைக்கல் இருக்கு. பாத்தா சாதாரண பாறைதான், மேல ஆறு குழி. வெளியூர்க்காரங்க சாமானைக் கொண்டாந்து வெச்சுட்டுப் போக, இவங்க அதுக்கான காசை வினிகர் ஊத்தின அந்தக் குழிகள்ல போட்டு வெச்சாங்க, நோய் ஒட்டாம இருக்கணும்னு. நான் முதல் தடவை போனப்ப மழை பெய்ஞ்சு ஓய்ஞ்சிருந்துச்சு, குழியில தண்ணி நின்னுச்சு, விரலை விட்டுப் பாத்தேன், குழியோட விளிம்பு கூர் இல்லாம வழவழன்னு உருண்டிருந்துச்சு, அத்தனை பேர் விரல் பட்டிருக்கு. விரலை எடுக்கத் தோணாம கொஞ்ச நேரம் அங்கயே நின்னேன்.

அங்கேர்ந்து ஊருக்கு இந்தப் பக்கம் ரைலி கல்லறைகள்னு வயலுக்கு நடுவுல வட்டமா ஒரு கல் சுவர். எலிசபெத் ஹான்காக்குங்கற அம்மா, 1666 ஆகஸ்ட்ல எட்டே நாள்ல புருஷனையும் ஆறு புள்ளைங்களையும் பறிகொடுத்து, உதவிக்கு ஒரு ஆள் இல்லாம ஒவ்வொருத்தரையும் தானே இழுத்துட்டுப் போய்ப் புதைச்ச இடம் அது. அதே மாசம் பாதிரியாரோட மனைவி கேத்தரினும் போயிட்டாங்க, அவங்க கல்லறை சர்ச் வாசல்லயே இருக்கு. பதினாலு மாசத்துல மொத்தம் 260 சாவுன்னு கணக்கு சொல்றாங்க.

பாதிரியார் தன் குழந்தைங்களை முன்கூட்டியே வெளியூர் அனுப்பிட்டார்ங்கறதையும், பூட்டி வெச்சதால ஒரே வீட்டுக்குள்ள நோய் இன்னும் பரவியிருக்கலாம்ங்கறதையும் சொல்ற வரலாற்று ஆளுங்க இருக்காங்க, அது நியாயமான பேச்சுதான், அதையும் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. எனக்கு அதனால அந்த ஜனங்க மேல இருக்கற மரியாதை ஒரு துளி கூட குறையல. பாதிரியார் சொன்னார்னு மட்டும் எலிசபெத் அம்மா அங்கயே இருந்திருப்பாங்களா, ஓடிப்போக நெனைச்சா வேலி தாண்ட எவ்ளோ நேரம் ஆகும்.

ஒரு வேண்டுகோள். சர்ச்சை ஒட்டின வீடுகள் வாசல்ல அந்த வீட்ல செத்தவங்க பேரெல்லாம் பலகையில எழுதியிருக்கும், அதுங்கள்ல இன்னும் குடும்பங்க வாழறாங்க, படிச்சுட்டு நகர்ந்துடுங்க, ஜன்னல் வழியா எட்டிப் பாக்காதீங்க. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு கக்லெட் டெல்ஃப்ல நினைவுப் பிரார்த்தனை நடக்கும், யார் வேணா போகலாம்.

கே: வயலுக்கு நடுவுல, ஆட்டு மந்தைக்குள்ள நடந்து போற மாதிரி போட்டோ போட்டிருந்தீங்க. அடுத்தவன் நிலத்துல எப்படிப் போக விடறாங்க? (வாசகர், தேனி)

ப: விவசாயியா இருப்பீங்கன்னு நெனைக்கறேன், சரியான கேள்வி. இங்கிலாந்துல பொதுப் பாதைன்னு மேப்ல குறிச்சு சட்டப்படி பதிஞ்ச நடைபாதைங்க இருக்கு, நிலம் யாருதா இருந்தாலும் அந்தப் பாதையில நடக்க எல்லாருக்கும் உரிமை உண்டு, மஞ்சள் அம்புக்குறி பாத்துக்கிட்டே போகலாம். பதிலுக்கு நாம செய்ய வேண்டியது, தெறந்த கேட்டைத் திரும்ப மூடணும், மூடாம விட்டா ஆடு மாறிப்போயிடும், கல் சுவர் மேல ஏறக்கூடாது, சிமெண்ட் இல்லாம கல்லை மட்டும் அடுக்கிக் கட்டினது அது, ஒரு கல் விழுந்தா வரிசையே சரியும், ஏறித் தாண்ட படி வெச்சிருப்பாங்க. குட்டியோட நிக்கற மாட்டுக்கிட்ட மட்டும் விலகிப் போங்க.

மேட்டு நிலமெல்லாம் அப்ப இப்படித் தெறந்து கெடக்கல. காஸில்டனுக்கு வடக்கால கிண்டர் ஸ்கௌட்னு 636 மீட்டர் மேட்டுநிலம், பறவை வேட்டைக்காக பெரிய பண்ணையாருங்க மூடி வெச்சிருந்தாங்க, ஆறு நாளும் மில்லுல புகைக்குள்ள வேலை பாத்துட்டு ஞாயித்துக்கிழமை காத்து வாங்க வர்ற மான்செஸ்டர், ஷெஃபீல்டு தொழிலாளிங்களை காவக்காரன் வெச்சு வெரட்டினாங்க. 1932 ஏப்ரல் 24ஆம் தேதி நூத்துக்கணக்கான பேர் ஹேஃபீல்டுலேர்ந்து கூட்டமா மேல ஏறிட்டாங்க, முன்ன நின்ன பென்னி ராத்மேனுக்கு அப்ப இருபது வயசு. அவரோட சேத்து அஞ்சு பேருக்கு ஜெயில். அந்த மாதிரி போராட்டங்களாலதான் 1949ல சட்டம் வந்து, 1951ல பிரிட்டனோட முதல் தேசியப் பூங்காவா இந்த பீக் டிஸ்ட்ரிக்டையே அறிவிச்சாங்க. அந்த மலைக்கு ஒரு காலத்துல சொந்தக்காரங்களா இருந்த டெவன்ஷயர் டியூக் குடும்பத்துல பதினோராவது டியூக் 2002ல அந்த இடத்துக்கே வந்து தாத்தா காலத்துல நடந்ததுக்கு மன்னிப்பு கேட்டார். காஸில்டன்லேர்ந்து மாம் டோர் வழியா ஈடேல் இறங்கி அங்கேர்ந்து கிண்டர் ஏறலாம், ஆனா மேல பீட்னு கரிச்சேறு, மூடுபனி வந்தா திசை தெரியாது, பழக்கம் இல்லாதவங்க தனியா போக வேண்டாம்.

கே: நாங்க சைவம். கிராமத்துல சாப்பாடு? பப் தவிர வேற எதுவும் இல்லைங்கறாங்களே, குடும்பத்தோட எப்படி? (வாசகி, மதுரை)

ப: பப்னா நம்ம ஊரு பார் மாதிரி நெனைச்சு நானும் முதல்ல தயங்கினேன். கிராமத்து பப்ல பாட்டி, பேரன், நாய்னு குடும்பமே உக்காந்து சாப்பிடும், குடிக்கணும்னு கட்டாயம் இல்ல, எலுமிச்சை சோடா கேட்டா யாரும் ஒரு மாதிரி பாக்க மாட்டாங்க. சைவம் எல்லா மெனுவுலயும் இருக்கும், சூப்புல மட்டும் என்ன ஸ்டாக், அதாவது காய் வேக வெச்ச தண்ணியா இறைச்சி வேக வெச்ச தண்ணியா போட்டிருக்குன்னு கேட்டுக்கோங்க. மத்தியானம் ரெண்டு ரெண்டரைக்கு அடுப்பை அணைக்கற எடங்க நெறைய, மூணு மணிக்குப் போய் நின்னா சாயங்காலம் வரைக்கும் பட்டினிதான். டீக்கடைகள்ல ஸ்கோன், ஜாம், க்ரீம் எப்பவும் கெடைக்கும். பேக்வெல் பக்கம் போனா அந்த ஊரு புட்டிங் சாப்பிடுங்க, பாதாம் வாசனையோட வரும், முட்டை உண்டு.

கே: ப்ளூ ஜான் கல் வாங்கலாமா?

ப: சின்னதா ஒண்ணு வாங்கலாம். ஊதாவும் மஞ்சளும் கோடு கோடா ஓடற ஃப்ளூரைட் கல், காஸில்டன்ல மட்டும்தான் எடுக்கறாங்க, ட்ரீக் க்ளிஃப் பக்கம் இன்னும் கொஞ்சம் கொஞ்சமா கையால வெட்டி எடுக்கறாங்க, அதனால வெலை ஜாஸ்தி. மெத்துன்னு இருக்கற கல், மோதிரமா போட்டுக்கிட்டு பாத்திரம் தேய்ச்சீங்கன்னா கீறல் விழும், காதுல போடற தோடோ டாலரோ நல்லது.

கே: எந்த மாசம் போறது நல்லது?

ப: என்னைக் கேட்டா மே கடைசி. மே 29ஆம் தேதி காஸில்டன்ல மாலைத் திருவிழா, குதிரை மேல வர்ற ராஜா வேஷக்காரர் இடுப்பு வரைக்கும் மறைக்கற மாதிரி மணி வடிவத்துல ஒரு பெரிய பூக்கூண்டைத் தலைமேல கவுத்துப்பாங்க, ஊர்வலம் முடிஞ்சதும் அந்தக் கூண்டைக் கயிறு கட்டி சர்ச் கோபுர உச்சிக்கு இழுப்பாங்க. 29 ஞாயித்துக்கிழமை வந்தா முந்தின நாளே வெச்சுடுவாங்க. எந்த மாசம் போனாலும் மழைக்கோட்டு பையில இருக்கட்டும், டிசம்பர்ல போனா நாலு மணிக்கே இருட்டிடும்.

கே: எங்க மேட்டூர் அணையில தண்ணி வத்துனா பண்ணவாடி பக்கம் முங்கிப்போன கோயில் நந்தி வெளிய தெரியும், தாத்தா சொல்லி அழுவார். அங்கயும் அப்படி ஒரு ஊர் இருக்காமே? (வாசகர், மேட்டூர்)

ப: உங்க கடிதத்தைப் படிச்சதும் மனசு என்னமோ பண்ணிடுச்சு. ஆமா, இருக்கு. காஸில்டனுக்குக் கிட்டத்துலயே லேடிபவர் நீர்த்தேக்கம், 1935ல ஆரம்பிச்சு 1940கள்ல கட்டி முடிச்சாங்க, ஆஷாப்டன், டெர்வென்ட்னு ரெண்டு ஊர் உள்ள போயிடுச்சு. டெர்வென்ட் சர்ச்சோட கோபுரத்தை மட்டும் விட்டு வெச்சிருந்தாங்க, தண்ணிக்கு நடுவுல அது தனியா நின்னுச்சு, ஆளுங்க நீந்திப் போறாங்க, ஆபத்துன்னு 1947ல வெடி வெச்சுத் தகர்த்துட்டாங்க. சர்ச் தோட்டத்துல இருந்த கல்லறைகளைத் தோண்டி பாம்ஃபோர்ட்ங்கற பக்கத்து ஊர்ல திரும்ப அடக்கம் பண்ணினாங்க. 2018, 2022 மாதிரி வறண்ட வருஷத்துல வீட்டுச் சுவரோட அடி, வாசப்படிக் கல்லெல்லாம் தலை காட்டுச்சு. அப்படித் தெரியறப்ப போனீங்கன்னா கரையிலேயே நின்னு பாருங்க, சேறு ஆழம், காலை வெச்சா மாட்டிக்கும்.

டெர்வென்ட்ல ஆத்து மேல பொதிக்குதிரைங்க போற கல்பாலம் ஒண்ணு இருந்துச்சு. தண்ணி வர்றதுக்கு முன்னாடி அதை ஒவ்வொரு கல்லா பிரிச்சு நம்பர் போட்டு எடுத்து வெச்சு, அப்புறம் பள்ளத்தாக்கோட மேல் முனையில ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ்ங்கற எடத்துல அதே மாதிரி திரும்பக் கட்டினாங்க. கார் போகாது, ஹவ்டன் நீர்த்தேக்கத்தோரமா நடந்துதான் போகணும். தாத்தா இருந்தா அவரைக் கூட்டிட்டு வாங்கன்னு எழுதியிருப்பேன், நீங்க வந்தா அந்தப் பாலத்து மேல அவர் நெனைப்போட கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்க.